சம்பந்தியம்மாள் வைத்த சொம்பு

சொம்பில் பாதிப் பால்தான் இருந்தது. மீதி, காரின் பின்சீட்டில் இருந்தது.

சந்திரம்மாள் தன் வீட்டு வாசலில் நின்றபடியே குனிந்து சொம்புக்குள் பார்த்தார். அப்புறம் பின்சீட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் காளியாயியைப் பார்த்தார். காளியாயி அந்த வீட்டில் இருபது வருஷமாக வேலை செய்கிறவள், பொய் சொல்ல வராதவள். அதனால்தான் அவளை முன்சீட்டில் சாட்சியாக உட்காரவைத்து அனுப்பியிருந்தார். அவள் அவிழ்ந்துபோன கொண்டையை முடிந்துகொண்டே விவரம் சொன்னாள்.

"போறப்ப பாலம் ஏறையில ஒரு கை சிந்துச்சுங்க. எறங்கையில ரெண்டு கை. அப்புறம் சாலை ரோட்டுல நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

கார்க்காரர் ரெங்கராஜ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உறையூரில் கைத்தறிப் புடவை வியாபாரம் செய்பவர். அவருடைய ஒரே மகள் ராசாத்தி இந்த ஸ்ரீரங்கத்து வீட்டு மருமகள். சந்திரம்மாள் அவருக்குச் சம்பந்தியம்மாள்.

"சம்பந்தி, பால் வயித்துக்கு நல்லது. சீட்டுக்கு எதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சந்திரம்மாள் உள்ளே போய்விட்டார்.

விஷயம் இதுதான். ராசாத்திக்கு ஏழாம் மாதம். தைப் பொங்கல் கழிந்ததும் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடந்தது. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். ரெங்கராஜும் தன் கறுப்புக் காரைப் பளபளவென்று துடைத்து, முன்னால் ஒரு மல்லிகைச் சரம் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆனால் அந்தக் காரில் போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் புத்தூர்வரை போய்வந்தவர் சந்திரம்மாள். போகும்போது தலை மூன்று முறை கூரையில் இடித்தது. வந்த பிறகு நாலு நாள் இடுப்புக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். இந்த வண்டியில் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப முடியாது என்று வளைகாப்புக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

வாடகைக் கார் என்றார் ரெங்கராஜ். யாரோ ஓட்டுகிற வண்டியில் என் மருமகளை ஏற்றமாட்டேன் என்றார் சந்திரம்மாள். ஜட்கா வண்டி என்றதற்கு ஒரு பார்வை பார்த்தார். சந்திரம்மாள் தன் தலைப்பிரசவத்துக்கு ஒற்றை மாட்டுவண்டியில் ஊருக்குப் போனவர். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். அதனால் அவர் இந்த விஷயத்தில் ஒன்று சொன்னால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.

கடைசியில் அவரே ஒரு வழியும் சொன்னார். விளிம்புவரை பால் நிரப்பிய ஒரு சொம்பைப் பின்சீட்டில் வைக்கவேண்டும். யாரும் அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஸ்ரீரங்கத்திலிருந்து உறையூர் போய்த் திரும்பி வரவேண்டும். ஒரு சொட்டு சிந்தாமல் இருந்தால் பெண்ணை அனுப்புவார்.

பால் எதற்கு, தண்ணீர் போதாதா என்று ரெங்கராஜ் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"தண்ணி சிந்தினா வர்ற வழியிலேயே காஞ்சு போயிடும், நீங்க சிந்தவேயில்லம்பீங்க. பால் சிந்தினா ஒட்டிக்கிட்டு நிக்கும்" என்றார் சந்திரம்மாள்.

ரெங்கராஜுக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வரவேண்டியது. வரவில்லை. இப்படி ஒரு மூளை தன் கடையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றியது.

அவகாசம் கொஞ்சம்தான். மாசி பிறந்தால் எட்டாம் மாதம். எட்டு பிறந்த பிறகு பிள்ளைத்தாய்ச்சி ஆற்றைத் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டுப் பழக்கம். ஸ்ரீரங்கத்திலிருந்து எந்தப் பக்கம் கால் வைத்தாலும் ஆறு. தை கடைசித் தேதிக்குள் காவேரியைத் தாண்டவில்லை என்றால் பிரசவம் மாமியார் வீட்டில்தான்.

முதல் சோதனையில் தோற்றுக் காரைத் திருப்பும்போது ராசாத்தி கதவோரம் வந்து நின்றாள். கை நிறைய கண்ணாடி வளையல்.

"அப்பா, எப்படியாவது வந்து கூட்டிட்டுப் போயிடுங்கப்பா. இங்க எல்லாரும் தங்கமாத்தான் பாத்துக்கிறாங்க. ஆனா எனக்கு அம்மா பக்கத்துல இருக்கணும்."

ரெங்கராஜ் தலையை ஆட்டினார்.

அங்கிருந்து நேரே பாலக்கரைக்குப் போனார். அங்கே அப்துல் ரஹீமின் மெக்கானிக் பட்டறை. ரஹீம் பாய் எந்த வண்டியானாலும் முதலில் ஸ்பேனரை எடுக்கமாட்டார். டீயை வாங்கிக்கொண்டு பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். "ஓட்டுங்க" என்பார். பட்டறையிலிருந்து முக்கு வரை போய்த் திரும்பி வருவதற்குள் வண்டிக்கு என்ன சீக்கு என்று அவருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். திரும்பி வந்தபோது டீ அவர் சட்டையில் இருந்தது.

கீழே இறங்கி, பின்சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். வண்டி அசையவே இல்லை.

"வண்டி மேல தப்பு இல்லீங்க முதலாளி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால புடவை மூட்டை பாரம் தாங்கணும்னு பின்னால கமான்ல மூணு மூணு பட்டை கூடப் போடச் சொன்னீங்க. போட்டேன். மூட்டை ஏறுனா மெத்தை. மனுஷன் ஏறுனா உரல்."

காருக்கும் சக்கரத்துக்கும் நடுவே வில் மாதிரி வளைந்து, அடுக்கடுக்காக இருக்கிற இரும்புப் பட்டைகள்தான் கமான். ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தன. மூன்றை எடுத்துவிட்டு, பழசாகிப்போன ஆறுக்கும் புதுப்பட்டை போட்டுவிடலாம் என்றார் பாய்.

ரெங்கராஜ் யோசித்தார். மூன்று எடுத்தால் மெத்தென்று இருக்கும் என்றால் ஐந்து எடுத்தால் இன்னும் மெத்தென்று இருக்குமே. புடவை வியாபாரத்தில் நூல் மெல்லிசாக ஆக ஆகப் புடவை வழவழப்பாகும். இதுவும் அப்படித்தானே என்று பாயிடமே கேட்டார். படிப்படியாகப் பார்க்கலாம் என்று பாய் எவ்வளவோ சொன்னார். ரெங்கராஜ் கேட்கவில்லை, ஐந்தையும் எடுக்கவைத்தார்.

மறுநாள் காலையில் பொன்னுத்தாய் வாசலுக்கு வந்து காரைப் பார்த்தாள். பொன்னுத்தாய் ரெங்கராஜின் மனைவி. மகளுக்காகத் தூளிக் கயிறு, சுக்கு, பெருங்காயம், பழைய வேட்டித் துணி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரமாக நிலைகொள்ளாமல் இருந்தாள்.

"ஏங்க, வண்டி குந்திக்கிட்டு இருக்கு" என்றாள்.

நிஜமாகவே கார் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கி, நாய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஓடும்போது இன்னும் மோசம். காவேரிப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் கார் தரையில் உட்கார்ந்து எழுந்தது. புகைக்குழாய் உரசி நெருப்புப் பொறி பறந்தது. எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி ஒதுங்கி நின்றுகொண்டார்.

சந்திரம்மாள் வீட்டு வாசலில் கதவைத் திறந்தபோது சொம்பு படுத்துக் கிடந்தது.

"இந்தத் தடவை பரவாயில்லீங்க. மொதப் பள்ளத்துலயே மொத்தமும் கொட்டிருச்சு. அப்புறம் நிம்மதியா வந்தோம்" என்றாள் காளியாயி.

இரண்டு சொம்புப் பாலைக் குடித்த சீட்டு மூன்றாம் நாள் தன் வேலையைக் காட்டியது. காரில் ஏறுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தெருவில் உள்ள பூனைகளெல்லாம் காருக்குள் குடியேறின. அதில் வெள்ளைப் பூனை ஒன்று, ரெங்கராஜ் வண்டி ஓட்டும்போதுகூட இறங்காமல் பின்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. புடவை வாங்க வந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர் அதற்கு என்ன பேர் என்று விசாரித்தார்.

பாய் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கமானை அவிழ்த்து, எடுத்ததில் இரண்டு பட்டைகளைத் திரும்பப் போட்டு, ஆறு ஆக்கினார். வண்டி நிமிர்ந்தது. மட்கார்டை அழுத்தினால் மெத்தென்று இறங்கியது. ரெங்கராஜ் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

ஆனால் இறங்கிய கார் மேலே ஏறியது. மறுபடி இறங்கியது. மறுபடி ஏறியது. பாய் எண்ணிக்கொண்டே இருந்தார். ஏழாவது ஆட்டத்தில் உதட்டைப் பிதுக்கினார்.

கமானின் துள்ளலை அடக்குவதற்கு ஒவ்வொரு சக்கரத்துப் பக்கத்திலும் எண்ணெய் நிரப்பிய ஒரு சாதனம் உண்டு. ஷாக் அப்சார்பர் என்பார்கள். பின்னால் இருந்த இரண்டிலும் எண்ணெய் ஒழுகித் தீர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒன்பது பட்டை போட்டு வண்டி உரலாக இருந்த காலத்தில் துள்ளலே இல்லாததால் அது யாருக்கும் தெரியவில்லை. புதுசு மெட்ராஸிலிருந்து ரயில் பார்சலில் வரவேண்டும். பத்து நாள் ஆகும். அதுவரை எங்கேயும் போகாதீர்கள் என்றார் பாய்.

ரெங்கராஜால் பொறுக்க முடியவில்லை. ஐந்தாம் நாளே மூன்றாம் சோதனைக்குக் கிளம்பிவிட்டார்.

கார் போனது என்று சொல்லமுடியாது, மிதந்தது. பாலம் ஏறியதிலிருந்து ஆடிய ஆட்டம் உறையூர் போயும் நிற்கவில்லை. திரும்பி வரும்போது மாம்பழச் சாலையில் காளியாயி வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஓரமாகப் போய்விட்டு வந்தாள். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். சந்திரம்மாள் வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகும் கார் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை சந்திரம்மாள் பொறுமையாகக் காத்திருந்து, அப்புறம்தான் சொம்பைப் பார்த்தார். அடியில் நாலு விரற்கடை இருந்தது.

"ஆத்துத் தோணியில ஏத்தி அனுப்பச் சொல்றீங்களா சம்பந்தி?"

ரெங்கராஜ் துண்டால் சீட்டைத் துடைத்தார். உள்ளே ராசாத்தியின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. இந்தத் தடவை அவள் வெளியே வரவில்லை.

பார்சல், தை முடிய மூன்று நாள் இருக்கும்போது வந்தது. ரெங்கராஜ் ஜங்ஷனுக்குப் போய்த் தானே தோளில் சுமந்துகொண்டு வந்தார். பெட்டியைப் பிரித்த பாய் இரண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பீடி பற்றவைத்தார்.

"ரெண்டுமே வலது பக்கத்துக்கானதுங்க" என்றார்.

இடது பக்கத்துக்கு வேறு. அதை மறுபடி எழுதி வரவழைக்க இன்னும் பத்து நாள்.

அந்த மூன்று நாளும் அப்துல் ரஹீம் செய்த வேலையை உறையூரில் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டறையை அடைத்துவிட்டு ரெங்கராஜ் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வலது பக்கம் ஒன்றை மாட்டினார். இன்னொன்றைப் பிரித்து, உள்ளே இருந்த வால்வை மாற்றி, அதன் இரும்புக் கையைத் திருப்பி, இடது பக்கத்துக்கு ஒத்துப்போக வைக்க முடியுமா என்று பார்த்தார். மாட்டுவார், கழற்றுவார், அரத்தால் ராவுவார், மறுபடி மாட்டுவார். ஒரு தடவை கூட அலுத்துக்கொள்ளவில்லை. காருக்கு அடியில் இன்னொருவர் படுத்துத் தாங்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. தினமும் சலவை வேட்டி கட்டுகிற ரெங்கராஜ் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டைப் பொன்னுத்தாய் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். வெள்ளைப் பூனை பக்கத்தில் படுத்திருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் பொன்னுத்தாய் குனிந்து, வெளியே தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏங்க, சம்பந்தியம்மா வெக்காளியம்மன் கோயிலுக்கு வந்திருந்தாங்களாம். நம்ம தெரு முனையில ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்களாம்."

அடியிலிருந்து ரெங்கராஜின் குரல் வந்தது.

"சிரிச்சாங்களாமா?"

"அதெல்லாம் யாரும் சொல்லல."

சிரித்துத்தான் இருப்பார் என்று நினைத்தார் ரெங்கராஜ். முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

தை கடைசித் தேதி விடிந்தது. இடது பக்கம் வேலைக்கு ஆகவில்லை. வால்வு ஒத்துக்கொள்ளவே இல்லை. வலது பக்கம் சாதுவாக இருக்க, இடது பக்கம் மட்டும் துள்ளியது. கார் வாத்து மாதிரி நடந்தது.

"முன்னைக்கு இப்ப மோசம் முதலாளி. என்னால முடிஞ்சது இதுதான்" என்றார் ரஹீம் பாய். தொழிலில் அந்த வார்த்தையை அவர் அதற்கு முன்னால் சொன்னதில்லை.

தோற்றாலும் முகத்தைக் காட்டிவிட்டாவது வரலாம் என்று ரெங்கராஜ் கிளம்பினார். ஸ்ரீரங்கத்தில் சந்திரம்மாள் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாசலில் தயாராக நின்றார். சொம்பு அவர் கையில் இருந்தது. இதுவரை சொம்பைக் காளியாயிதான் கொண்டுவந்து வைப்பாள். இன்று அவரே வந்து பின்சீட்டில் வைத்தார். விளிம்புவரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

உறையூர்வரை போய்த் திரும்ப இன்றைக்கு நேரமில்லை, ஒன்பது மணிக்கு ராகுகாலம் வந்துவிடும், மாம்பழச் சாலைவரை போய்வந்தால் போதும் என்றார்.

காளியாயி எலுமிச்சம்பழத்தோடு முன்சீட்டில் ஏறினாள். ரெங்கராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஒவ்வொரு கல்லையும் பார்த்து, ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றி, மாட்டுச் சாணத்துக்கும் மரியாதை கொடுத்து ஓட்டினார். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. திரும்பி வரும்போது அம்மா மண்டபத்திலிருந்து கோயிலுக்குத் திருமஞ்சனத் தீர்த்தம் எடுத்துக்கொண்டு போன யானை, மேளத்தோடு, காரை முந்திக்கொண்டு போனது.

வாசலில் வண்டி நின்றது. இடது பக்கம் நாலு தடவை குதித்து அடங்கியது. சந்திரம்மாள் கதவைத் திறந்தார்.

"வந்து பாருங்க சம்பந்தி."

ரெங்கராஜ் பார்த்தார். சொம்பு நிறைந்திருந்தது. சீட்டில் ஒரு சொட்டு இல்லை. சொம்பின் வெளிப்புறத்தில் ஒரு கோடு இல்லை. மேலே படிந்திருந்த ஆடைகூடக் கலையவில்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாய் அந்த வால்வை என்னவோ செய்துவிட்டார், செய்துவிட்டுத் தன்னடக்கமாக முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார் என்றே முடிவு செய்துவிட்டார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ராசாத்தி பட்டுப் புடவையில் வந்து ஏறினாள். சந்திரம்மாள் அவள் நெற்றியில் குங்குமம் வைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தார். வழித்துணைக்குக் காளியாயியும் கூடப்போகட்டும் என்றார். ரெங்கராஜ் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அந்தச் சொம்பை அப்படியே உறையூருக்கு எடுத்துப்போக வேண்டும், பாய்க்கும் பொன்னுத்தாய்க்கும் காட்டவேண்டும்.

சந்திரம்மாள் காளியாயியை ஒரு முறை பார்த்தார். அங்கே பாலுக்கா பஞ்சம் என்றார். ரெங்கராஜ் விடவில்லை.

"சரி, ஆசையா கேக்கறீங்க. எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைசியில். பிறகு கார் கதவில் கையை வைத்துக்கொண்டு, "மெதுவாப் போங்கன்னு நான் சொல்லவேண்டியதில்ல. நீங்க எப்படிப் போவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

ரெங்கராஜ் அப்படித்தான் போனார். பாலத்தைத் தாண்ட அரைமணி நேரம் ஆனது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்து, கடைசியில் அவரும் பின்னாலேயே ஊர்வலமாக வந்தார். சிந்தாமணி தாண்டுவதற்குள் ராசாத்தி தூங்கிப் போயிருந்தாள்.

உறையூரில் தெருவே வாசலில் கூடியிருந்தது. பொன்னுத்தாய் ஆரத்தி எடுத்து மகளை அணைத்துக்கொண்டு உள்ளே அழைத்துப் போனாள். ரெங்கராஜ் சொம்பை இரண்டு கையாலும் ஏந்தி, ரஹீம் பாய் முன்னால் நீட்டினார்.

"ஸ்ரீரங்கத்துலேருந்து வருது பாய். ஒரு சொட்டு சிந்தல. உங்க கை கையில்ல, வேற ஏதோ."

பாய் சொம்பைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மட்கார்டை ஒரு அழுத்து அழுத்தினார். இடது பக்கம் வழக்கம்போல் துள்ளியது. வலது கையால் தாடியைத் தடவிக்கொண்டு, அல்லாவுக்குத்தான் தெரியும் என்றார். தெருவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து சொம்பை எட்டிப் பார்த்துவிட்டு, பாயைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளைப் பூனையும் வந்து பார்த்தது.

ராசி உள்ள பால், பாயசம் வைத்து எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று பொன்னுத்தாய் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தாள். சொம்பை அதில் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. இன்னும் நன்றாகக் கவிழ்த்தாள். தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். அப்போதும் ஒன்றும் விழவில்லை. கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்த காளியாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"கரண்டி கொண்டாங்கம்மா. அது எருமைப் பால்ல எங்க வீட்டம்மா நேத்து சாயந்தரமே உறை ஊத்தி வச்ச கட்டித் தயிராச்சே."